மேனேஜர் தின்ற மிச்சம்

மதிப்பும் மரியாதையும் மிக்க பெரியக்கா அவர்களுக்கு, தங்கள் ஒரே தம்பி வணங்கி எழுதுவது. தங்கள் முழங்கால் வலி தணிந்து, தாங்கள் பழையபடி மாடிப்படி ஏறி இறங்கி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானுக்கு என் அன்பைத் தெரிவிக்கவும். இவ்விடம் நான், என் மனைவி, மாமனார், மகள், மகன் அனைவரும் சௌக்கியம். நாயும் சௌக்கியம்.

"உங்க வீட்டுல ஏதுடா நாய்?" என்று நீ கேட்பது இங்கே எனக்குக் கேட்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். (தாங்கள், தங்கள் என்று ஆரம்பித்துப் பார்த்தேன், நாலு வரிக்கு மேல் தாங்கவில்லை. நீ என்றே எழுதுகிறேன், கோபிக்காதே.) போன வாரம் போனில், "அனுப்பின சாக்லேட் எப்படிடா இருந்துது?" என்று ஆசையாகக் கேட்டாய். "நல்லா இருந்துதுக்கா" என்று சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றினேன். உனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். என்ன செய்வது, அப்போது என் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமனார் எதிரே உட்கார்ந்து, பேப்பர் படிக்கிற மாதிரி என் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் போனில் உண்மை பேச முடியுமா? அதனால் எழுத்தில் கொட்டிவிடுகிறேன். கடைசியில் நீ பெருமைப்படத்தான் போகிறாய், அதுவரை கொஞ்சம் பொறுத்துப் படி.

உன் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. தங்கக் காகிதம் சுற்றிய கசப்புச் சாக்லேட், இரண்டு அடுக்கு. திறந்ததும் வீடு முழுக்க வாசனை. அன்றைக்கே எங்கள் வீட்டில் கட்சிகள் பிரிந்துவிட்டன. என் மனைவிக்குச் சாக்லேட் என்பது தின்கிற பொருளே அல்ல, பாதுகாக்கிற பொருள். "யாராவது வந்தா வேணும்" என்று எடுத்து உள்ளே வைப்பாள். யாராவது வந்தால், "இவங்களைவிட முக்கியமானவங்க வந்தா என்ன பண்றது?" என்று உள்ளேயே விட்டுவிடுவாள். முக்கியமானவர்கள் வந்து சேர்வதற்குள் சாக்லேட் வெளுத்துப்போய்ச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகியிருக்கும். என் மாமனார், நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், சாக்லேட்டைப் பல்லால் கடிப்பதையே குற்றம் என்பார். ஒரு துண்டை நாக்கின் மேல் வைத்து, கண்ணை மூடி, சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அது தானாகக் கரைந்து முடிகிறவரை வாயைத் திறக்கமாட்டார். வீடு பற்றி எரிந்தாலும் கையால்தான் சைகை காட்டுவார். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற சின்னவன் அதற்கு நேர் எதிர். அவன் பெட்டிப் பக்கம் போனான் என்று நீ கழுத்தைத் திருப்புவதற்குள் வெறும் காகிதம்தான் கிடக்கும். "ருசியாவது தெரிஞ்சுதாடா?" என்றால், "சரியாத் தெரியலப்பா, இன்னொண்ணு சாப்பிட்டுச் சொல்றேன்" என்பான். என் கொள்கை உனக்குத் தெரியும். சாக்லேட்டைத் தனியாகத் தின்னக்கூடாது, பிட்டு நாலு பேருக்குக் கொடுத்துத்தான் தின்ன வேண்டும். கொள்கையை எல்லா நேரமும் கடைப்பிடிக்கிறாயா என்று மட்டும் கேட்காதே.

இத்தனை பேருக்கு நடுவில் என் மகள் இருக்கிறாளே, அவள் ஒருத்திதான் மனுஷி. பெட்டி பப்பரப்பா என்று திறந்து கிடந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். "ஒண்ணு எடுத்துக்கோம்மா" என்றால், "அப்புறம் சாப்பிடறேன்பா, நீங்க சாப்பிடுங்க" என்று புத்தகத்துக்குள் போய்விடுவாள். என்ன கட்டுப்பாடு, என்ன மன உறுதி! வாழ்நாள் முழுக்க லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். எத்தனையோ இரும்பு வடங்களை இழுத்துப் பார்த்திருக்கிறேன். இவள் உறுதிக்கு ஈடான வடத்தை நான் பார்த்ததில்லை. பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பில் அவள் சேர்ந்தபோது ஆளாளுக்கு முகத்தைச் சுளித்தார்கள். நீ ஒருத்திதான், "படிக்கட்டும்டா, நம்ம குடும்பத்துல வாயில்லாத ஜீவனைப் புரிஞ்சுக்க ஒருத்தியாவது இருக்கட்டும்" என்று சொன்னாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள் அல்லவா, கை கால் பிசகினவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட், தங்கமான பிள்ளை. நாய்க்குத் தடுப்பூசி போட அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தவன், நாய்க்கு ஊசி போட்டு முடிந்த பிறகும் என்னென்னவோ சந்தேகம் கேட்டு வாரா வாரம் வந்துகொண்டே இருந்திருக்கிறான். இரண்டு வீட்டாரும் ஒருமுறை சந்தித்துப் பேசலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை நேரமாகப் பார்த்து வரச் சொன்னோம். பையன் வந்தான், அவன் அப்பா வந்தார், அம்மா வந்தாள், கூடவே அந்த நாயும் வந்தது. தனியாக விட்டுவிட்டு வந்தால் தெருவே கூடுகிற மாதிரி ஊளையிடுமாம். பழுப்பு நிறம், அகன்ற நெற்றி, தொப்பை, வயதான ஆள். பெயர் மேனேஜர். பையனின் அப்பா பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதவி காலியாக இருந்ததால் நாய்க்குக் கொடுத்துவிட்டார்களாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. மேனேஜர் உள்ளே நுழைந்ததும் என் மகளைப் பார்த்தது. ஊசி போட்ட கை ஞாபகம் வந்ததோ என்னவோ, அப்படியே பின்வாங்கி, வாசல் கதவோரம் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்தபடி வருகிறவர் போகிறவர் எல்லோரையும் லோன் கேட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

என் மனைவி அன்றைக்குத்தான், கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, ஒரு சாக்லேட் பெட்டியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் திறந்து வைத்தாள். முக்கியமானவர்கள் வந்துவிட்டார்கள்! எனக்கே கண் கலங்கிவிட்டது. சம்பந்தியின் கை தானாகப் பெட்டியை நோக்கிக் கிளம்பியது. அப்போது சம்பந்தி அம்மா தொண்டையைக் கனைத்தாள். போன கை பாதியிலேயே திரும்பி, அவருடைய காதைச் சொறிந்தது. அந்த அம்மா, சர்க்கரையை விட்டவர்கள் என்று ஒரு சங்கமே நடத்துகிறாளாம். வாரா வாரம் கூட்டம், பேச்சு, கைதட்டல். "பன்னிரண்டு வருஷமா எங்க வீட்டுல இனிப்பு வாசப்படி ஏறினதில்ல" என்று ஆரம்பித்தாள். "நாக்குதாங்க மனுஷனுக்கு முதல் எதிரி. இந்தச் சாக்லேட் இருக்கே, இது சாப்பாடே இல்ல, பழக்கம். கெட்ட பழக்கம். ஒரு துண்டு தின்னவன் ஒரு துண்டோட நிறுத்தமாட்டான்." சின்னவன் குனிந்துகொண்டான். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். என் மனைவி பெட்டியை மூடி, ஏதோ அசிங்கத்தை எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டு ஓடினாள். சமையலறை மேடை முழுக்கத் தட்டும் டம்ளரும். அவசரத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல், வாசலில் செருப்பு அலமாரியின் மேல் வைத்து ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டாள். இடுப்பு உயரம்கூட இல்லாத அலமாரி. பக்கத்தில் மேனேஜர்.

அடுத்து அந்த அம்மா என் மகள் பக்கம் திரும்பினாள். "பொண்ணு டாக்டர்னு இவன் சொன்னப்போ ரொம்ப சந்தோஷப்பட்டேன். அப்புறந்தான் என்ன டாக்டர்னு தெரிஞ்சுது. ஏம்மா, மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிற படிப்புக்கு இடம் கிடைக்கலையா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது அக்கா. வாயைத் திறந்தேன். அதற்குள் இவள், குரலில் ஒரு பிசிறு இல்லாமல், "கிடைச்சுது ஆன்ட்டி. நான்தான் வேண்டாம்னு இதைக் கேட்டு வாங்கிக்கிட்டேன். இவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. கண்டுபிடிக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். பையன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்போதே நான் மனசுக்குள் தேதி குறித்துவிட்டேன். ஆனால் அந்த அம்மா முகம் இளகவில்லை. "எல்லாம் சரி, நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்று சம்பந்தியிடம் முணுமுணுத்தாள். எனக்கு நன்றாகவே கேட்டது. கல்யாணம் இரண்டு தளத்துக்கு நடுவில் நின்றுபோன லிப்ட் மாதிரி தொங்க ஆரம்பித்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. காபி வந்தது, பேச்சு தொடர்ந்தது, ஆனால் ஒருவரும் நாற்காலியில் நிலையாக இல்லை. சம்பந்தி எழுந்து, "மேனேஜர் என்ன பண்றான்னு பார்த்துட்டு வரேன்" என்று போனார். வந்தார். மாமனார், "பாவம், அந்தப் பிராணிக்குத் தண்ணி வச்சீங்களா?" என்று போனார். வந்து கண்ணை மூடிக்கொண்டார். சின்னவன் போனான். என் மனைவி போனாள். சம்பந்தி அம்மாவே, "நான் ஒரு தடவை தட்டிக் கொடுத்துட்டு வரேன், இல்லேன்னா பயப்படும்" என்று இரண்டு தரம் போய் வந்தாள். வாயில்லாத ஒரு ஜீவன் மேல் இத்தனை பேருக்கு இத்தனை பாசமா என்று நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ச்சியில் நானும் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்க ஒருமுறை போய் வந்தேன். தாழ்ப்பாள் சரியாகத்தான் இருந்தது. உன் சாக்லேட் தாழ்ப்பாளைவிட நன்றாக இருந்தது. போகாத ஆள் யார் தெரியுமா? என் மகள். நாற்காலியை விட்டு அசையவில்லை.

தடால் என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் பெட்டி தரையில் கவிழ்ந்து கிடக்கிறது. மூடின துணி ஒரு பக்கம், கிழிந்த அட்டை ஒரு பக்கம். நடுவில் மேனேஜர், மீசையில் தங்கக் காகிதம் ஒட்டிக்கொண்டு, கடைசித் துண்டை மென்றுகொண்டிருக்கிறது. சின்னவன் சிரித்தான். நானும் சிரித்தேன். என் மகள் சிரிக்கவில்லை அக்கா. அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"யாரும் பயப்படாதீங்க. ஆனா கேக்கறதுக்கு உடனே பதில் சொல்லுங்க. சாக்லேட் நாய்க்கு விஷம். அதுவும் இந்தக் கசப்புச் சாக்லேட் ரொம்ப மோசம். இதயத்தைத் தாக்கும்" என்றாள். சம்பந்தி அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி, "உப்புத் தண்ணி ஊத்தினா வாந்தி வருமாமே, ஒரு வீடியோல பார்த்தேன்" என்றார். "வேண்டவே வேண்டாம் அங்கிள், அது இன்னும் ஆபத்து" என்று அவரை உட்கார வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இவன் எவ்வளவு தின்னிருப்பான்னு எனக்குத் தெரியணும். பெட்டி புதுசா இருந்தப்போ எத்தனைன்னு மூடியில போட்டிருக்கு. அதுல மனுஷங்க சாப்பிட்டது எத்தனை? சொல்லுங்க."

எல்லோரும் நாயைப் பார்த்தோம். நாய் எங்களைப் பார்த்தது. "நான் ஒண்ணே ஒண்ணு" என்றேன் நான், குடும்பத் தலைவன் என்ற முறையில். "எனக்குச் சாக்லேட்டே ஆகாது" என்றார் சம்பந்தி, பல்லில் சாக்லேட்டோடு. "நான் தொடக்கூட இல்ல" என்றாள் என் மனைவி. மாமனார் பதிலே சொல்லவில்லை.

இவளுக்குப் புரிந்துவிட்டது. குரலை உயர்த்தவில்லை. "இங்க பாருங்க, நான் யாரையும் திட்டப்போறதில்ல. நீங்க சாப்பிட்ட ஒவ்வொரு துண்டும் இவன் சாப்பிடாத துண்டு. நீங்க எவ்வளவு அதிகமாத் தின்னிருக்கீங்களோ, இவன் பிழைக்க அவ்வளவு வாய்ப்பு."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "நான் நாலு" என்றேன். "எனக்கு மூணு... இல்ல, அஞ்சு" என்றார் சம்பந்தி. சின்னவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அடி அடுக்குல முக்கால்வாசி நான்தான், போன வாரமே முடிச்சாச்சு!" என்றான். பெருந்தீனி தின்றதற்காகப் பெற்ற அப்பனே மகன் முதுகில் தட்டிக் கொடுத்தது இந்த உலகத்திலேயே அன்றைக்குத்தான் நடந்திருக்கும். என் மனைவி தயங்கித் தயங்கி, "நான் சாப்பிடலை. ஆனா ஒரு பிடி எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வச்சிருக்கேன்" என்றாள். "எதுக்குடி?" "இவங்களைவிட முக்கியமானவங்க வந்தா?" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்ல வேளை, சம்பந்தி காதில் அது விழவில்லை; அவர் உற்சாகத்தில், "என்னுதை பத்துன்னு வச்சுக்கோம்மா" என்று ஏற்றிக்கொண்டிருந்தார். "வச்சுக்க முடியாது அங்கிள், இது ஏலம் இல்ல. உண்மை எவ்வளவோ அதைச் சொல்லுங்க" என்றாள் இவள். மாமனார் மட்டும் இன்னும் பேசவில்லை. விரலால் இரண்டு காட்டினார். "ரெண்டுதானா தாத்தா?" தலையை ஆட்டினார். பிறகு வாயைச் சுட்டிக் காட்டினார். மூன்றாவது உள்ளே கரைந்துகொண்டிருந்தது.

"எடை எவ்வளவு இருப்பான்?" என்று கேட்டாள். சம்பந்தி அம்மா ஒரு எண்ணைச் சொன்னாள். சங்கம் நடத்துகிறவள் வீட்டு நாய் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. பையன் மெதுவாக, "அம்மா, அது மூணு வருஷத்துக்கு முந்தின எடை" என்று சொல்லிவிட்டு, உண்மையான எடையைச் சொன்னான். அந்த அம்மா கூசிப்போனாள். "ஆன்ட்டி, குண்டா இருக்கறது இன்னைக்கு நல்லது" என்று என் மகள் அவள் தோளைத் தொட்டுச் சொன்னாள். அப்புறம் கணக்குப் போட்டாள். உதட்டைக் கடித்தாள். அந்த உதட்டுக் கடி எனக்குத் தெரியும். சின்ன வயதில் கீழே விழுந்து அடிபட்டு, அழாமல் இருக்கும்போது கடிப்பாள். "அதிகந்தான். கிளம்பலாம்" என்றாள்.

நாயைப் போர்வையில் சுற்றிப் பையன் தூக்கிக்கொண்டான். லிப்டில் நாயும், அவனும், என் மகளும், சம்பந்தி அம்மாவும், நானும். மற்றவர்கள் படியில். அக்கா, லிப்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இது என் தொழில் அனுபவம். லிப்டில் ஏறினவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். கதவுக்கு மேலே மாறுகிற எண்ணைத்தான் பார்ப்பார்கள். அதனாலோ என்னவோ, வேறெங்கும் வராத பேச்சு அதற்குள் வரும். நாலாவது மாடியில் கதவு மூடியது. மூன்றாவது மாடி தாண்டும்போது சம்பந்தி அம்மா எண்ணைப் பார்த்தபடியே, "ஏம்மா, அந்தக் கணக்குல ஒரு அஞ்சைக் குறைச்சுக்கோ" என்றாள்.

"ஏன் ஆன்ட்டி?"

"அஞ்சு நான் தின்னேன்."

"அம்மா!" என்றான் பையன்.

"நீ பேசாம மேல பாரு" என்றாள் அந்த அம்மா. இரண்டாவது மாடி வந்தது. "ஏழுன்னு வச்சுக்கோ. இல்ல, வச்சுக்க வேண்டாம், ஏழேதான்." தரைத்தளம் வருவதற்குள், "ரெண்டு கைப்பையில இருக்கு, ஒன்பது" என்று சொல்லி முடித்தாள். என் லிப்ட் ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது.

நானாக இருந்தால் சிரித்திருப்பேன். பன்னிரண்டு வருஷப் பிரசங்கத்தை நினைத்து ஒரு வார்த்தையாவது குத்தியிருப்பேன். காலையில் அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. என் மகள் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "ஒன்பதா? ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க ஆன்ட்டி. இதுனால கணக்கே மாறுது" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, வாசலில் நின்ற டாக்ஸிக்கு ஓடினாள். அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவளையா நான் பெற்றேன் என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. நாய்க்கு மூச்சு இரைத்தது, நிலைகொள்ளாமல் துடித்தது. ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தது. சாக்லேட்டும் தங்கக் காகிதமும் சம்பந்தி அம்மாவின் புதுப் புடவை மேலேயே வந்து விழுந்தன. அந்த அம்மா நகரவில்லை. "வரட்டும், எல்லாம் வெளிய வரட்டும்டா கண்ணா" என்று அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஏதோ கரியைக் கரைத்துக் கொடுத்தார்கள், காலில் டிரிப் ஏற்றினார்கள், இதயத் துடிப்பைப் பார்க்கிற கருவியை மாட்டினார்கள். துடிப்பு தாறுமாறாக ஓடியது. எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள்.

நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பெஞ்சின் ஒரு முனையில் கட்டுப்போட்ட பூனையோடு ஒரு பெரியவர், மறு முனையில் நாங்கள். சம்பந்தி அம்மா என்னிடம், "என்னாலதாங்க. நான் அந்தப் பிரசங்கத்தைப் பண்ணாம இருந்திருந்தா பெட்டி மேஜை மேலேயே இருந்திருக்கும்" என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். "ஒரு காலத்துல நிஜமாவே விட்டேங்க. விட்டுட்டேன்னு சொன்னதும் எல்லாரும் கை தட்டினாங்க. அவங்க கை தட்டத் தட்ட எனக்குப் பசிக்க ஆரம்பிச்சுது. அப்புறம் எப்படி வெளிய சொல்றது?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த முந்தானையில் என்ன இருந்தது என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. முகமெல்லாம் சாக்லேட். சம்பந்தி, பாவம் நல்ல மனுஷர், தன் கைக்குட்டையை எடுத்து மனைவிக்குத் துடைத்துவிட்டார். "எனக்கு எப்பவோ தெரியும். உன் தலையணை உறையிலகூடக் காகிதம் கிடக்கும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். அந்த அம்மா அவரை முறைத்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

வெயில் சாயும் நேரத்தில் கதவு திறந்தது. என் மகள் வந்தாள். கலைந்த தலை, கை முழுக்க நகக்கீறல், சட்டையெல்லாம் கறை. "துடிப்பு நிதானத்துக்கு வந்துடுச்சு. இன்னைக்கு ராத்திரி இங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன். இனிமே பயமில்ல" என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தோம். மேனேஜர் தலையைத் தூக்கி, வேலைக்கு வந்துபோகிற ஒவ்வொருவரையும் பழையபடி சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியின் நிஜ மேனேஜர் உள்ளே நுழைய, அவரைப் பார்த்து உர்ரென்றது. பதவிக்குப் போட்டி!

சம்பந்தி அம்மா என் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். "எத்தனையோ மனுஷ டாக்டருங்க என்கிட்ட, என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டிருக்காங்க. ஒருத்தருக்கும் நான் உண்மையைச் சொன்னதில்ல. நீ ஒரு தடவை கேட்ட, சொல்லிட்டேன். நாளைக்கு நாலு பேர் கேட்டா என்ன சொல்றதுன்னு காலையில யோசிச்சேன். இதைத்தான் சொல்லப்போறேன். இனிமே ஆன்ட்டி எல்லாம் வேண்டாம், அத்தைன்னு கூப்பிடு" என்றாள். உன் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டது அக்கா, எச்சரிக்கையாக இரு. நான் எழுந்து வெளியே போய், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் நின்று, யாரும் பார்க்காத மாதிரி மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். பூனைக்காரர் பின்னாலேயே வந்து, "டாக்டர் உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, என் பொண்ணுதான்" என்றேன். அவர் கேட்காமலேயே மேலும் இரண்டு தடவை சொன்னேன்.

ஆகவே, கல்யாணம் நிச்சயம். தேதியைப் பிறகு எழுதுகிறேன். நீயும் அத்தானும் ஒரு வாரம் முன்னதாகவே வந்து, எங்கள் எல்லோரையும் அதட்டி நடத்திக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இனிமேல் இந்த வீட்டுக்குச் சாக்லேட் மட்டும் அனுப்பாதே. எங்கள் ஐந்து பேரில் அதைத் தொடுகிற தகுதி கட்டுப்பாடே உருவான என் மகள் ஒருத்திக்குத்தான் உண்டு, அவளோ தொடவே மாட்டாள். அத்தான் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். உன் முழங்காலுக்கு என் மருமகப்பிள்ளை நல்ல பயிற்சியாகச் சொல்லித் தருவான், இனி வீட்டுக்குள்ளேயே வைத்தியர். நீ நூறு வருஷம் நன்றாக இருந்து எங்களை வாழ்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற பெருமையில் தரையில் கால் பாவாத,
உன் தம்பி.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் மகள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "என்னப்பா கட்டுப்பாடு, மன உறுதின்னு எல்லாம் எழுதியிருக்கீங்க? எனக்குச் சாக்லேட்டே பிடிக்காது. சின்ன வயசுலேர்ந்தே. இருமல் மருந்து மாதிரி இருக்கும்" என்கிறாள். "அப்ப அத்தை உனக்குன்னு அனுப்பறப்போ எல்லாம், சூப்பரா இருந்துது அத்தைன்னு போன்ல சொன்னியே?" என்றேன். "அவங்க எவ்வளவு ஆசையா அனுப்பறாங்க. எப்படிப்பா சொல்றது? நீங்களும் சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இரும்பு வடம் அறுந்த மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் தோன்றியது: இத்தனை வருஷம் உன் மனசு நோகக்கூடாது என்று ஒரு வார்த்தை வெளியே விடாமல் இருந்தாளே, அதுவல்லவா கட்டுப்பாடு! ஆகவே நீ இந்தப் பின்குறிப்பைப் படிக்கவில்லை. அவள் போனில் "சூப்பர் அத்தை" என்றால் எப்போதும்போல் சந்தோஷப்படு. சாக்லேட் அனுப்பாதே என்று மேலே எழுதியிருப்பதையும் அடித்துவிடு. திடீரென்று நிறுத்தினால் அவளுக்குச் சந்தேகம் வரும். எப்போதும்போல அவளுக்கே அனுப்பு. சாப்பிடத்தான் நாங்கள் இருக்கிறோமே.